மார்ஃபின் எடுப்பவரின் இரவு மூச்சைக் கவனிப்பது எப்படி

புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் தொடங்கிய முதல் சில இரவுகளும், டோஸ் கூட்டிய பிறகு வரும் சில இரவுகளும் வீட்டில் ஒருவர் விழித்திருந்து பார்க்க வேண்டியவை. வலி அடங்கியவர் அயர்ந்து தூங்குவது இயல்புதான். பல நாள் தூக்கம் பாக்கி இருக்கும். ஆனால் "நல்லா குறட்டை விட்டுத் தூங்குறார்" என்று நிம்மதியாகக் கதவைச் சாத்திவிட்டுப் போகாதீர்கள்.

ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு கூடினால் மூளைத்தண்டு மூச்சை முடுக்கிவிடும். மார்ஃபினும், அதே இன வலி மருந்துகளான டிரமடால், கோடீன், ஃபென்டனில் எல்லாமே அந்த முடுக்கத்தைத் தணிக்கின்றன. விழித்திருக்கும்போது இது அவ்வளவாகத் தெரியாது. தூங்கும்போது மூச்சு மெதுவாகி, தாளம் தப்பி, நடுநடுவே பத்து இருபது விநாடி நின்றுபோகலாம். தொண்டைத் தசையும் தளர்வதால்தான் அந்தக் குறட்டை. ஆழ்ந்த உறக்கமும் குறைவதால், எட்டு மணி நேரம் படுத்தவர்கூடக் காலையில் தலைவலியோடு எழுவார்.

எண்ணும் முறை: தொடாமல், எழுப்பாமல், நெஞ்சும் வயிறும் ஏறி இறங்குவதைப் பாருங்கள். ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று. முழுசாக 60 விநாடி எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் இடையில் நின்ற மூச்சு கணக்கில் வராது. 12 முதல் 20 வரை சரி. 10க்குக் கீழே போனால் பெயர் சொல்லித் தோளைத் தட்டுங்கள். விழித்துத் தெளிவாகப் பதில் சொன்னால், அடுத்த டோஸுக்கு முன் மருத்துவரிடம் பேசுங்கள். எழுப்பியும் எழவில்லை, மூச்சு 8க்குக் கீழே, உதடோ நகமோ நீலம், தொண்டையில் களகள சத்தம்: இதில் எது இருந்தாலும் உடனே 108. கண்மணி சுருங்கியிருப்பதை மட்டும் வைத்துப் பயப்படாதீர்கள். மார்ஃபின் எடுக்கும் எல்லோருக்கும் அது சுருங்கும்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரையும் முழுசாக நம்ப முடியாது. ஆக்சிஜன் வைத்திருப்பவருக்கு 96 காட்டிக்கொண்டே கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டிருக்கும்.

பெரும்பாலும் கூட்டு மருந்தில்தான் விபத்து நடக்கிறது. தூக்கம் வரவில்லை என்று அல்பிரசோலமோ குளோனசெபமோ சேர்ப்பது, நரம்பு வலிக்கான பிரிகாபலின், மது. இவற்றை மருத்துவருக்குத் தெரியாமல் சேர்க்கவே கூடாது. சிறுநீரகம் பழுதானவருக்கு மார்ஃபினின் கழிவு உடம்பிலேயே தேங்கும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியேட்டினின் அளவை மருத்துவரிடம் காட்டியிருக்க வேண்டும். 12 மணி நேரத்துக்கு மெதுவாகக் கரையும் எஸ்.ஆர். மாத்திரையை, விழுங்கச் சிரமம் என்று பொடித்தால் அத்தனை மருந்தும் ஒரே மூச்சில் உள்ளே இறங்கும். தோலில் ஒட்டும் ஃபென்டனில் பேட்ச் மேல் வெந்நீர்ப் பை வைத்தாலும், காய்ச்சல் ஏறினாலும் மருந்து வேகமாக இறங்கும்.

பயந்துபோய் மார்ஃபினை நீங்களாக நிறுத்திவிடவும் வேண்டாம். வலி திரும்பும், உடம்பு நடுங்கும். நாள்கணக்கில் விட்ட பிறகு பழைய டோஸையே கொடுத்தால் அதுதான் பெரிய ஆபத்து.

108 வரும்வரை மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், பேட்ச் இருந்தால் உரித்தெடுங்கள். மூச்சே இல்லையென்றால் மல்லாக்கக் கிடத்தி நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்குங்கள். மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். மார்ஃபினுக்கு மாற்று மருந்தான நலோக்சோன் ஊசியை மருத்துவமனையில் போட்டதும் சில நிமிடங்களில் கண் திறப்பார். ஆனால் அந்த ஊசியின் வேகம் 30 முதல் 90 நிமிடம்தான், எஸ்.ஆர். மாத்திரை அதற்குப் பிறகும் வேலை செய்துகொண்டிருக்கும். எழுந்து உட்கார்ந்து பேசினாலும் அன்றிரவே வீட்டுக்குக் கூட்டி வராதீர்கள்.