கால் வீங்கினால் உடனே லேசிக்ஸா?

போன வாரம் யூனிட்டுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர், இதய மாற்று அறுவை முடிந்து மூன்றாவது மாதத்தில் இருக்கும் நோயாளிக்கு, சிறுநீரைக் கூட்டி நீரை வெளியேற்றும் மருந்தான லேசிக்ஸை இரட்டிப்பாக்கி எழுதியிருந்தார். சார்ட்டைப் பார்த்ததும் என் பழைய கையெழுத்துதான் ஞாபகத்துக்கு வந்தது. தினமும் எடை பாருங்கள், ஊறுகாயை விடுங்கள் என்பதையெல்லாம் எல்லாரும் சொல்லியாயிற்று, நான் சொல்லப்போவதில்லை.

பி.என்.பி. ஏறியிருக்கிறதே என்று பதறுவது

பி.என்.பி. என்பது இதயச் சுவர் இழுபடும்போது ரத்தத்தில் ஏறும் ஹார்மோன். மாற்று இதயத்தில் அது பொதுவாகவே கூடுதலாகத்தான் இருக்கும். போன முறை எவ்வளவு என்று பாருங்கள்.

வீக்கம் என்றாலே நீர் என்று நினைப்பது

சொந்த இதயத்தின் மேலறை விரிந்தால் வேகஸ் நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி போகும், நீரைத் தேக்கும் வாசோபிரஸின் குறையும், உப்பைத் தேக்கவைக்கும் ரெனின் தணியும், சிறுநீர் கூடும். மாற்று இதயத்தில் அந்த நரம்பு அறுந்துவிட்டது. ஏ.என்.பி. (உப்பையும் நீரையும் வெளியேற்றும் மேலறை ஹார்மோன்) நரம்பே இல்லாமல், சுவர் இழுபட்டாலே சுரக்கும்தான். ஆனால் அது தனியாகச் சமாளிப்பதில்லை, ரெனினும் அதன் கூட்டாளி ஆல்டோஸ்டிரோனும் அடங்க வேண்டிய அளவுக்கு அடங்குவதில்லை, போதாததற்கு மாற்று இதயத்தை உடம்பு நிராகரிக்காமல் இருக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டும் சைக்ளோஸ்போரினும் உப்பைப் பிடித்து வைக்கின்றன. ஆக, நீர் தேங்குவது நிஜம். இந்தப் பாடம் தலையில் ஏறியிருந்ததால்தான் நானும் யோசிக்காமல் லேசிக்ஸை ஏற்றினேன்.

அன்று நான் பார்த்த நோயாளிக்குக் கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. படுத்திருக்கும்போது பல்ஸ் 98, நின்றாலும் 98. "பல்ஸ் ஏறவில்லை, உடம்பில் நீர் குறையவில்லை" என்று பெரிய மேதை மாதிரி எழுதி வைத்தேன். ஆள் எழுந்து நின்றவுடன் நரம்பில்லாத இதயத்தில் துடிப்பு எப்படி ஏறும்? ரத்தத்தில் அட்ரினலின் சேர்ந்து வந்த பிறகுதான் மெதுவாக ஏறும். நான்காம் நாள் சிறுநீரகம் தளர்ந்தால் ஏறும் கிரியாட்டினின் 1.3-இலிருந்து 2.4, மனுஷர் பாத்ரூம் வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சீஃப் வந்து கழுத்து ரத்தக்குழாயைப் பார்த்தார், தட்டையாகக் கிடந்தது, அதாவது ரத்தக்குழாய்க்குள் நீர் குறைவு. சார்ட்டைப் புரட்டிவிட்டு, "அம்லோடிபினை எப்போப்பா 10 ஆக்கினே?" என்றார்.

அம்லோடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரையே காலை வீங்க வைக்கும், அந்த வீக்கம் லேசிக்ஸுக்கு வற்றாது. வற்றுவது ரத்தக்குழாய்க்குள் இருக்கும் நீர்தான். திரும்பி வரும் ரத்தம் குறைந்தால், சட்டென்று துடிப்பைக் கூட்டி ஈடுகட்ட இந்த இதயத்தால் முடியாது, சைக்ளோஸ்போரினால் ஏற்கனவே சுருங்கிக் கிடக்கும் சிறுநீரக ரத்தக்குழாய்தான் அடி வாங்கும். இத்தனை வருஷம் கழித்தும் கழுத்தைப் பார்க்காமல் காலை மட்டும் அழுத்திப் பார்க்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது.

வலி மாத்திரை

டைக்ளோஃபெனக், இபுப்ரோஃபென் வேண்டவே வேண்டாம்.

சோடியம் குறைந்த உப்பு

அதில் சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாக இருப்பது பொட்டாசியம். நிராகரிப்பைத் தடுக்கும் டாக்ரோலிமஸே பொட்டாசியத்தை ஏற்றும், அப்புறம் இது வேறா?