பழைய அமெரிக்க டாலர் நோட்டு: எந்த வகை, என்ன விலை?

பழைய டாலர் நோட்டு கையில் கிடைத்தால் எல்லோரும் முதலில் தேடுவது அதில் அச்சிட்ட ஆண்டைத்தான். பாதித் தவறுகள் அங்கேயே தொடங்குகின்றன. ஆண்டுக்கு முன் பார்க்க வேண்டியவை இரண்டு உண்டு.

மில்லிமீட்டர் அளவுகோல், 10 மடங்கு பெரிதாக்கும் லூப், சிறிய டார்ச், மைலார் (தெளிவான பாலியெஸ்டர்) உறை ஆகியவை போதும். கைபேசி கேமராவை லூப்புக்கு மாற்றாக வைக்காதீர்கள். அது படத்தைத் தானே திருத்தி, மெல்லிய மடிப்புகளை மறைத்துவிடும்.

படி 1: அளவு

ஏறத்தாழ 189 × 79 மி.மீ. இருந்தால் பெரிய அளவு நோட்டு. 156 × 66 மி.மீ. என்றால் 1929 ஜூலையில் புழக்கத்துக்கு வந்த சிறிய அளவு.

படி 2: முத்திரையின் நிறம்

சிறிய நோட்டில், முகப்பில் அச்சிட்ட கருவூல முத்திரையின் நிறமே வகையைச் சொல்லிவிடும். நீலம் வெள்ளிச் சான்றிதழ் (ஒரு காலத்தில் வெள்ளியாக மாற்றிக்கொள்ளக்கூடிய நோட்டு), சிவப்பு யுனைடெட் ஸ்டேட்ஸ் நோட்டு, பச்சை ஃபெடரல் ரிசர்வ் நோட்டு, பொன்மஞ்சள் 1928 தங்கச் சான்றிதழ். பழுப்பு என்றால் பெரும்பாலும் 1929 தேசிய வங்கி நோட்டு. அதில் வங்கியின் பெயரும் ஊரும் இருக்கும், விலையும் அவற்றைப் பொறுத்ததே. பழுப்பு முத்திரையோடு 'ஹவாய்' என்ற பெரிய எழுத்துகள் இருந்தால் அது இரண்டாம் உலகப் போர்க்கால வெளியீடு.

பெரிய நோட்டில் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். 1914 ஃபெடரல் ரிசர்வ் நோட்டு சிவப்பிலும் உண்டு, நீலத்திலும் உண்டு. அதில் அச்சிட்டிருக்கும் வகைப் பெயரைப் படியுங்கள்.

படி 3: ஆண்டு, எழுத்து, கையொப்பம்

நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். நோட்டில் இருப்பது அச்சான ஆண்டு அல்ல, சீரீஸ் ஆண்டு. 1935 என்று போட்ட 1 டாலர் வெள்ளிச் சான்றிதழ்கள் 1960களிலும் அச்சாயின. கையெழுத்திடும் அதிகாரி மாறியபோது ஆண்டை மாற்றாமல் பக்கத்தில் ஓர் எழுத்தை மட்டும் கூட்டினார்கள்.

விலையைத் தூக்குவதும் கவிழ்ப்பதும் அந்த ஓர் எழுத்துதான். 1928ஏ (A) 1 டாலர் வெள்ளிச் சான்றிதழ் 200 கோடிக்கு மேல் அச்சானது. 1928இ (E) அச்சானது 35 லட்சம் சொச்சம்தான். அழுக்கேறிய நோட்டில் இந்த எழுத்துகள் ஒன்றுபோலத் தெரியும். லூப் வைத்துப் பார்த்துவிட்டுக் கையொப்பத்தையும் ஒப்பிடுங்கள்: 1928இ என்றால் ஜூலியன், மார்கெந்தாவ் இருவரின் கையொப்பம் இருந்தாக வேண்டும். 'கறுப்புக் கழுகு' எனப்படும் 1899 பெரிய அளவு 1 டாலர் வெள்ளிச் சான்றிதழில் எழுத்து இல்லை; லயன்ஸ்–ராபர்ட்ஸ் முதல் ஸ்பீல்மன்–ஒயிட் வரை கையொப்ப இணையை வைத்துத்தான் பிரிக்க முடியும். இவ்வளவும் தெரிந்தால், அமெரிக்க நோட்டு வகைகளுக்கான பட்டியல் எண்ணான ஃபிரைட்பெர்க் எண்ணைக் கண்டுபிடித்துவிடலாம். சேகரிப்பாளர்கள் பேசுவது அந்த எண்ணில்தான்.

வரிசை எண்ணில் நட்சத்திரம் இருந்தால், அச்சில் பழுதான நோட்டுக்குப் பதிலாக வந்தது என்று பொருள். நட்சத்திரம் இருந்தாலே அரிது என்று எண்ண வேண்டாம். 1957 நட்சத்திர நோட்டுகள் நிறையக் கிடைக்கின்றன.

படி 4: தாளின் நிலை

விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சை நோட்டின் பக்கவாட்டில் படுக்கையாகப் பிடியுங்கள். மடிப்புகள் நிழலாக எழும். பிறகு வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். ஊசித்துளையும் ஒட்டிய கிழிசலும் தெரியும். மதிப்பீடு 70 புள்ளி அளவுகோலில் நடக்கிறது. புழங்காத நோட்டு 60க்கு மேல். நடுவில் ஒரே ஒரு மடிப்பு விழுந்தாலும் 50களுக்கு இறங்கிவிடும்.

கழுவாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள், ஒட்டு நாடா ஒட்டாதீர்கள். முத்திரையும் எண்ணும் அழுந்தியதால் பின்பக்கத்தில் ஏற்பட்ட புடைப்பு, இஸ்திரி போட்டால் தட்டையாகிவிடும். தேர்ந்தவர் அதைக் கண்டுபிடித்துவிடுவார். பி.வி.சி. உறையும் வேண்டாம், காலப்போக்கில் அதிலிருந்து கசியும் பொருள் தாளைக் கெடுக்கும்.

படி 5: விலை

ஒருவர் கேட்கும் விலை விலையே அல்ல. ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். அரிதானவற்றுக்கு ஹெரிடேஜ் ஏல நிறுவனத்தின் பழைய முடிவுகளே மேல்; ஆனால் அந்தத் தொகையில் வாங்குபவர் கட்டும் கட்டணமும் சேர்ந்திருக்கும், விற்றவர் கைக்கு அவ்வளவு போகாது. அதே ஃபிரைட்பெர்க் எண், அதே நிலை என்றால்தான் ஒப்பிட வேண்டும். நன்றாகப் புழங்கிய 1957 வெள்ளிச் சான்றிதழுக்கு முகமதிப்புக்கு மேல் ஓரிரு டாலர்தான் தேறும். அதை பி.எம்.ஜி. என்ற நோட்டு மதிப்பீட்டு நிறுவனத்துக்கு அனுப்பினால் கட்டணம் நோட்டின் விலையை விழுங்கிவிடும்.

பின்சேர்க்கை

பலரும் கேட்டது ஜோசப் பார் கையொப்பமிட்ட 1963பி 1 டாலர் பற்றி. அவர் 1968 டிசம்பர் முதல் 1969 ஜனவரி வரை ஏறத்தாழ ஒரு மாதமே நிதித்துறைச் செயலர். அதனால் அரிது என்று நம்பிப் பதுக்கினார்கள். அச்சானதோ 45 கோடிக்கும் மேல்.

இன்னொன்று, 1840 தேதியிட்ட 'பேங்க் ஆஃப் தி யுனைடெட் ஸ்டேட்ஸ்' 1000 டாலர் நோட்டு. வரிசை எண் 8894 என்றிருந்தால், மஞ்சள் பாரித்த மொறுமொறுப்பான தாளில் அடித்த நினைவுப்பொருள் நகல் அது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் பிரிந்த தென் மாநிலங்களின் கூட்டமைப்பு வெளியிட்ட நோட்டுகளிலும் இப்படி நகல்கள் ஏராளம். அங்கே கையொப்பத்தை லூப்பில் பாருங்கள்: 50 சென்ட் நோட்டு தவிர மற்றவற்றில் அது பேனா மையால் எழுதியதாக இருக்க வேண்டும், அச்சாக இருக்கக் கூடாது.