ஈஜிஆர் வால்வ கழுவியும் லைட் திரும்ப எரியுதா? புதுசு வாங்குறதுக்கு முன்னாடி இதப் பாருங்க

சின்ன டீசல் கார் வச்சிருக்கவங்க நெறய பேரு இதுல மாட்டிருப்பீங்க. செக் என்ஜின் லைட் எரியும், பிக்கப் செத்துரும், ஒர்க்‌ஷாப்ல ஸ்கேனர போட்டு பி0401னு ஒரு கோடு சொல்லி வால்வ கழட்டி கழுவி மாட்டி குடுப்பாங்க, கொஞ்ச நாள் நல்லா ஓடும், அப்புறம் மறுபடி அதே லைட். அடுத்த தடவ போனா "வால்வே போச்சுண்ணா, புதுசு போட்ரலாம்"னு எஸ்டிமேட் வரும்.

பி0401னா ஈஜிஆர் வழியா புகை போதுமான அளவு வரலன்னு அர்த்தம், வால்வு கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்லங்க. சைலன்சருக்குப் போற புகையில கொஞ்சத்த திருப்பி என்ஜினுக்குள்ள விட்டா எரியுற சூடு கொறயும், நைட்ரஜன் ஆக்சைடு கொறயும், ஈஜிஆர் வேலயே அவ்ளோதான். ஆனா நெறய கார்ல அந்தப் புகைய நேரா அளக்க எதுவுமே கெடையாது. வால்வு தொறந்தா வெளிக்காத்து வர்றது கொறயணும், கொறயுதான்னு உள்ள வர்ற காத்த அளக்குற ஏர் ஃப்ளோ சென்சார வச்சு ஈசியூ, அதாவது என்ஜின் கம்ப்யூட்டர், கணக்கு போடுது, கணக்கு ஒத்து வரலன்னா லைட்ட போடுது. அப்ப சென்சார் அழுக்கா இருந்தாலும், ஹோஸ் விட்ருந்தாலும், பாதை அடச்சிருந்தாலும் பழி வால்வு மேலதான். பி0403 வந்தா வயரிங் பக்கம் பாக்கணும், பி0404னா வால்வு சொன்ன எடத்துக்குப் போகல, பி0402னா புகை அதிகமா வருது, அதாவது வால்வு முழுசா மூடாம நிக்கலாம். அதனால "ஈஜிஆர் ப்ராப்ளம்"னு வாய்ல சொன்னா விடாதீங்க, கோடு நம்பர எழுதி வாங்குங்க. அழிக்கறதுக்கு முன்னாடி ஃப்ரீஸ் ஃபிரேமையும் பாக்கச் சொல்லுங்க, லைட் எரிஞ்சப்ப ஆர்பிஎம் எவ்ளோ, என்ஜின் சூடு எவ்ளோன்னு அதுல இருக்கும்.

இப்ப டெஸ்ட். என்ஜின நல்லா சூடாக்கிட்டு லைவ் டேட்டால மூணு நம்பர் பாருங்க: ஈஜிஆருக்கு ஈசியூ கேக்குற அளவு, வால்வு உண்மையா நிக்குற அளவு, ஏர் ஃப்ளோ. ஆயிரம் ரூபாய்க்குள்ள கெடைக்கிற ப்ளூடூத் ஓபிடில (கார்ல சொருகி போன்ல பாக்குற சின்ன ஸ்கேனர்) எல்லா கார்லயும் இது தெரியாது, கடைக்காரர் ஸ்கேனர்ல தெரியும். கேக்குறதும் நிக்குறதும் ஒத்துப்போகுது ஆனா வால்வு தொறக்கும்போது காத்து கொறயலன்னா ஏர் ஃப்ளோ சென்சார் சரியா இருக்க பட்சத்துல, பைப்லயோ புகைய ஆத்துற கூலர்லயோ காத்து என்ஜினுக்குள்ள போற இன்டேக் மேனிஃபோல்ட்லயோ கரி கட்டிருக்கலாம். நெறய பேர் வால்வ மட்டும் பளபளன்னு கழுவிட்டு இத தொடவே மாட்டாங்க. கேக்குறதும் நிக்குறதும் ஒத்துப்போகலன்னாதான் வால்வு, இல்ல அதோட கனெக்டர். கரண்ட்ல இல்லாம ஹோஸ் வழியா காத்த உறிஞ்சி வால்வ தொறக்குற பழைய வேக்குவம் டைப்பா இருந்தா மொதல்ல ரப்பர் ஹோஸ விரல்ல வளச்சுப் பாருங்க, வெடிப்பு அங்கதான் தெரியும்.

வீட்டு வாசல்ல எல்லாம் சரியா காட்டுதுன்னா ரோட்ல ஓட்டித்தான் பாக்கணும். தொப்பூர் ஏத்தத்துல நல்லா மிதிச்சா கரியெல்லாம் போயிரும்னு நம்ம பக்கம் ஒரு பேச்சு இருக்கு, ஆனா ஃபுல் லோடுல ஈஜிஆர் மூடித்தான இருக்கும், இதுக்கு அந்த டெஸ்ட் ஒதவாது. தர்மபுரி கிருஷ்ணகிரி நாலுவழி ரோட்ல சமதளமா இருக்க எடத்துல ஒரே வேகத்துல லேசா ஆக்சிலேட்டர் வச்சு போங்க, பக்கத்துல ஒருத்தர் உக்காந்து நம்பர் பாக்கட்டும். ஸ்பீடு பிரேக்கர்ல ஏறி எறங்கும்போது மட்டும் வால்வு பொசிஷன் குதிச்சா வயரோ கனெக்டரோ லூஸ்.

கழுவியும் சீக்கிரமே திரும்ப வருதா? நான் பெருசா சந்தேகப்படுறது மூணு. ஒண்ணு, வால்வ மாட்டுன அப்புறம் ஸ்கேனர்ல லேர்னிங் ரீசெட் போடாம விட்ருப்பாங்க, பல கார்ல இத போடலன்னா ஈசியூ பழைய மூடுற புள்ளியவே நெனச்சிட்டிருக்கும். ரெண்டு, தூசி. கிரானைட் குவாரி ரோட்ல ஓடுற வண்டில மட்டமான ஏர் ஃபில்டர் போட்டா ஏர் ஃப்ளோ சென்சார்ல மாவு மாதிரி படியும், அதுக்குன்னு இருக்க ஸ்ப்ரேல மட்டும் அடிங்க, துணி குச்சி வேணாம். மூணு, கரி ஏன் இவ்ளோ வேகமா சேருதுன்னு யாரும் கேக்கறதில்ல. டர்போ ஹோஸ்ல எண்ணெய் வழியுதா, இன்ஜெக்டர் சரியில்லாம கறுப்புப் புகை வருதா, தெர்மோஸ்டாட் தொறந்தே நின்னு என்ஜின் சூடாகாம ஓடுதா பாருங்க. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்ட்டு வர்ற வண்டிக்கு இந்தக் கடைசி ஒண்ணு ரொம்ப முக்கியம்.

தகடு வச்சு அடச்சிரலாம்னு சொல்வாங்க. டீசலுக்கு பொல்யூஷன் சர்டிஃபிகேட் டெஸ்ட்ல புகையோட கறுப்பத்தான் பாக்குறாங்க, நைட்ரஜன் ஆக்சைட பாக்கறதில்ல, அதனால மாட்ட மாட்டீங்கன்னு தைரியம் குடுப்பாங்க. வேணாம். கம்பெனி வச்சத மாத்துறது சட்டப்படி தப்பு, நெறய கார்ல அடச்ச ஒடனே அதே பி0401 திரும்ப வரும், காத்து கொறயலன்னுதான ஈசியூ பாக்கும்.

ரேடியேட்டர் தண்ணி வெளிய ஒழுகாமலே கொறஞ்சுகிட்டு வந்து வெள்ளப் புகையும் வந்தா ஈஜிஆர் கூலர் உள்ள ஓட்ட விழுந்திருக்கலாம், அந்த வண்டிய அப்படியே ஓட்டாதீங்க. இதெல்லாம் பாத்து வால்வுதான்னு உறுதியானா மாத்துங்க, கேஸ்கெட் புதுசு போடச் சொல்லுங்க, கழட்டுன வால்வ கையோட வாங்கிட்டு வாங்க.