பகியை மடித்துப் பார்த்து வாங்குங்கள்

நான் லண்டனில் பஸ் ஓட்டுகிறேன். வீட்டில் இரண்டு பிள்ளைகள். மூத்தவளுக்கு மூன்று வயது நடக்கிறது, சின்னவன் இப்போதுதான் கவிழப் பழகுகிறான். வேலையில் நாள் முழுக்க மற்றவர்களின் பகிகளை, அதாவது பிள்ளையை வைத்துத் தள்ளும் வண்டிகளைப் பார்க்கிறேன், வீட்டுக்கு வந்து எங்களுடையதைத் தள்ளுகிறேன். அதனால் சொந்தத்தில் யாருக்காவது பிள்ளை கிடைக்கப் போகிறது என்றால், "அண்ணா, எந்தப் பகி வாங்கலாம்?" என்று எனக்குத்தான் போன் வரும். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கடையில் எல்லாப் பகியும் விரித்தபடியே நிற்கும். வழவழப்பான தரை, அகலமான வழி, உள்ளே பிள்ளையும் இல்லை, கீழே சாமான் பையும் இல்லை. அங்கே எதைத் தள்ளினாலும் சுகமாகத்தான் ஓடும். வாங்கிய பிறகு உங்களுக்குச் சிரமம் வருவது பகி ஓடும்போது அல்ல, அதை மடிக்கும்போதும் தூக்கும்போதும்தான். மாடிப்படி, பஸ், காரின் டிக்கி, ஒடுக்கமான வாசல், உறவினர் வீட்டு விறாந்தை, எல்லா இடத்திலும் இதே கதை. ஆகவே முதலில் கேட்க வேண்டியது மூன்று கேள்விகள். மடிக்க எத்தனை கை வேண்டும்? மடித்தது எவ்வளவு இடம் பிடிக்கும்? மடித்ததை வீட்டில் யார் தூக்கப் போகிறார்கள்?

பஸ்ஸை வைத்தே சொல்கிறேன். பஸ்ஸின் நடுவில் இருக்கும் அந்தத் திறந்த இடம் சக்கர நாற்காலிக்கு உரியது. அது காலியாக இருந்தால் பகியை விரித்தபடி நிறுத்தலாம். சக்கர நாற்காலியில் ஒருவர் ஏற வந்தால் இடம் விட வேண்டும், தேவைப்பட்டால் பகியை மடிக்கவும் வேண்டும். 2012-ல் வெதர்பியிலிருந்து லீட்ஸ் போக டக் போலி என்பவர் சக்கர நாற்காலியில் பஸ் ஏற வந்தார். அந்த இடத்தில் ஒரு தாய், தூங்கும் குழந்தையோடு பகியை நிறுத்தியிருந்தார். மடிக்கச் சொன்னபோது, இது மடியாது என்று நகர மறுத்துவிட்டார். டக் போலிக்கு அந்த பஸ் கிடைக்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2017 ஜனவரியில் தீர்ப்பு வந்தது: சாரதி ஒருமுறை கேட்டுவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது, நியாயமில்லாமல் மறுத்தால் மேலும் வற்புறுத்த வேண்டும்.

அப்படிக் கேட்க வேண்டிய இடத்தில் இருப்பவன் நான். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அந்த பஸ்ஸில் வேறு இடமே இல்லை. அதே நேரம் ஒரு கையில் பிள்ளை, மறு கையில் பால் போத்தல் பை, காலடியில் இன்னொரு பிள்ளை என்று நிற்கும் தாய் படும் பாட்டையும் கண்ணாடியில் பார்க்கிறேன். பகி சட்டென்று மடிந்தால் அரை நிமிடத்தில் இரண்டு பேருக்கும் வழி கிடைத்துவிடும். அது மடியாததால் பஸ் முழுவதும் அந்தத் தாயைத் திரும்பிப் பார்க்கும்போது எனக்கே மனம் கஷ்டப்படும்.

அதனால் கடையில் இப்படிச் சோதித்துப் பாருங்கள். ஐந்து கிலோ அரிசிப் பை ஒன்றை இடது கையில் குழந்தையை அணைப்பதுபோல் அணைத்துக்கொள்ளுங்கள். வலது கையால் மட்டும் பகியை மடியுங்கள், பிறகு விரியுங்கள். குனிந்து இரண்டு பொத்தான்களை ஒரே நேரத்தில் அமுக்க வேண்டும் என்றால், அல்லது இருக்கையைக் கழற்றினால்தான் சட்டகம் மடியும் என்றால், பஸ்ஸில் போகும் குடும்பத்துக்கு அது வேண்டாம். மடித்த பிறகு தானாகவே நிமிர்ந்து நிற்கிறதா, தோளில் மாட்ட வார் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். விற்பவர் மடித்துக் காட்டுவதை வைத்து முடிவெடுக்காதீர்கள், அவருக்கு அது தினசரி வேலை. பகியை அதிகம் பாவிக்கப் போகிறவரே மடித்துப் பார்க்க வேண்டும்.

இலேசாக மடியும் பகியை உலகத்துக்குக் கொடுத்தவர் ஓவன் மக்லாரன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் சக்கரக்கால் வடிவமைப்பில் வேலைசெய்தவர். மாஸ்கோவிலிருந்து பேரப்பிள்ளையோடு வந்த மகள் கனமான பகியோடு திண்டாடுவதைப் பார்த்து, 1965-ல் அலுமினியக் குழாய்களால், குடை போல மடியும் பகியை உருவாக்கினார். எடை மூன்று கிலோவுக்கும் குறைவு. விமானச் சக்கரத்தை உள்ளே மடக்கத் தெரிந்தவருக்குத்தான் இந்த யோசனை வந்திருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் மடியும் இடத்தில் ஆபத்தும் உண்டு. 2009-ல் அவர் பெயரில் இயங்கிய கம்பனி அமெரிக்காவில் சுமார் 10 இலட்சம் பகிகளின் கீல்களுக்கு மூடி கொடுக்க வேண்டிவந்தது. விரிக்கும்போது கீலில் சிக்கி 12 குழந்தைகளின் விரல் நுனி துண்டாகியிருந்தது. எந்தப் பகியானாலும் கீல் மூடியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். மடிக்கும்போதும் விரிக்கும்போதும் பிள்ளை எட்ட நிற்கட்டும்.

பிறந்த குழந்தைக்கு மட்டும் கணக்கு வேறு. தலை நிற்காத பிள்ளை நீட்டிப் படுக்க வேண்டும். ஐரோப்பியப் பாதுகாப்புத் தரமான இஎன் 1888-ன்படி, இருக்கைக்கும் முதுகுச் சாய்வுக்கும் இடையிலான கோணம் 150 பாகைக்குக் குறைந்தால் அந்த இருக்கை ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு ஆகாது. பகியோடு வரும் தொட்டில் பெரும்பாலும் ஒன்பது கிலோ வரை, அல்லது பிள்ளை தானாக எழுந்து உட்காரும் வரைதான். அதாவது ஏறக்குறைய அரை வருடம். அதற்காகத் தனியாகப் பெருந்தொகை கொடுப்பதைவிட, முழுக்கச் சாயும் இருக்கையுள்ள பகியைப் பார்ப்பது நல்லது என்பது என் எண்ணம். சட்டகத்தில் கார் சீட்டைப் பொருத்தும் டிராவல் சிஸ்டம் கார் வைத்திருப்பவர்களுக்கு வசதிதான். ஆனால் கார் சீட்டில் பிள்ளை சுருண்டு உட்காரும், நாடி நெஞ்சில் முட்டினால் மூச்சுக்குக் கஷ்டம். தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், முதல் நான்கு வாரங்களில் அரை மணி நேரமே போதும் என்பதுதான் இங்கே தரப்படும் அறிவுரை. கடைத்தெருவைச் சுற்றும் நேரம் முழுக்கப் பிள்ளையைக் கார் சீட்டிலேயே வைத்துத் தள்ளாதீர்கள்.

சின்னவன் சிசேரியனில் பிறந்தான். ஆறு வாரமளவுக்குக் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்கக் கூடாது என்று மனைவிக்குச் சொல்லி அனுப்பினார்கள். நாங்கள் இருப்பது கடைக்கு மேலே முதலாம் மாடி, லிஃப்ட் கிடையாது. பிள்ளைகளுக்கென்று எல்லோரும் புகழும் பெரிய பகிகள் 12 கிலோவைத் தாண்டும். பேபிசென் யோயோ போன்ற சிறிய மாடல்கள் ஆறு கிலோவும் கொஞ்சமும்தான், மடித்தால் 52க்கு 44க்கு 18 செ.மீ. நான் காலையில் நான்கு மணிக்கே டிப்போவுக்குப் போகிறவன். ஆகவே தூக்கப் போவது நானல்ல. எங்கள் முடிவை அந்த ஒரு விஷயமே தீர்மானித்தது. பொது நடையில் பகி வைப்பதைத் தீ விபத்துப் பயத்தால் தடைசெய்த கட்டடங்கள் இப்போது நிறைய. கீழே விட்டுவிட்டுப் போகலாம் என்று கணக்குப் போடும் முன் வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.

மாமி ஊரிலிருந்து வந்து நின்றபோது இன்னொன்று புரிந்தது. நான் உயரம், மாமி நெஞ்சளவு. கைபிடியின் உயரத்தை மாற்ற முடியாத பகியை அவர் தோளை உயர்த்தித்தான் தள்ளுவார், அரை மணியில் கழுத்து வலி வந்துவிடும். அம்மம்மா, அப்பப்பா யாராவது பிள்ளையைப் பார்க்கிற வீடு என்றால், இறக்கி ஏற்றும் கைபிடி கட்டாயம் வேண்டும். பிரேக்கும் அப்படித்தான். மெல்லிய செருப்போடு அமுக்கினாலும் விழ வேண்டும், காலை உள்ளே விட்டு மேலே கிளப்பும் வகை வயதானவர்களுக்குச் சரிவராது.

பிள்ளையின் முகம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்? முதல் வருடமாவது தள்ளுபவரைப் பார்த்தபடி இருக்கட்டும். 2008-ல் டண்டீ பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்தார்கள். பிள்ளையின் முகம் தங்களைப் பார்த்தபடி இருக்கும்போது பெற்றோர் அதிகம் பேசுகிறார்கள் என்று கண்டார்கள். தமிழ் காதில் விழும் நேரம் குறைவாக உள்ள இந்த ஊரில், கடைக்குப் போய்வரும் வழியில் பிள்ளையோடு பேசும் பேச்சு எனக்குப் பெரிய விஷயம். இலேசான பகிகள் பலவற்றில் இருக்கையைத் திருப்ப முடியாது. அதைத் தெரிந்துகொண்டே வாங்குங்கள்.

இனி இரண்டாவது பிள்ளை. வயது இடைவெளிதான் இங்கே முக்கியம். இரண்டு வருடத்துக்குள் என்றால் மூத்ததும் நடந்து களைக்கும் பிள்ளை, இரட்டைப் பகி தேவைப்படும். மூன்று வருடத்தை நெருங்கினால் வேண்டியதில்லை. ஒற்றைப் பகியின் பின்னால் மூத்த பிள்ளை நிற்கும் பலகையைப் பூட்டினால் போதும், அவை சுமார் 20 கிலோ வரை தாங்கும். எல்லாச் சட்டகத்திலும் அது பொருந்தாது. தள்ளுபவரின் முழங்கால் பலகையில் இடிக்கிறதா என்று நடந்து பாருங்கள். எங்கள் வீட்டில் சின்னவனைத் துணிச் சுமப்பானில் நெஞ்சோடு கட்டிக்கொண்டு, மூத்தவளைப் பகியில் வைத்துத்தான் முதல் மாதங்களை ஓட்டினோம். செலவு குறைந்த வழி இதுதான்.

இரட்டைப் பகி வாங்கியே ஆக வேண்டும் என்றால் அளவுநாடாவை எடுங்கள். இரண்டு பிள்ளைகளும் அருகருகே இருக்கும் வகையில் பெரும்பாலானவை 70 செ.மீ.க்கு மேல் அகலம். பகபூ டொங்கி என்ற மாடல் 74 செ.மீ., ஒடுக்கமானது என்று பெயர் வாங்கிய மவுண்டன் பகி டூயட் 63 செ.மீ. இங்கே வீட்டு உள்கதவு பொதுவாக 76 செ.மீ. பலகை. திறந்து நிற்கும் கதவின் தடிப்பையும் சட்டத்தையும் கழித்தால் வழி இன்னும் குறையும். பஸ்ஸில் சக்கர நாற்காலி இடத்துக்குச் சட்டம் சொல்லும் குறைந்தபட்ச அளவு 130 செ.மீ. நீளம், 75 செ.மீ. அகலம். 74 செ.மீ. பகி அங்கே நின்றால் பக்கத்தில் வேறு எதுவும் நிற்காது. வெம்பிளி ஈலிங் ரோட்டில் சனிக்கிழமை மரக்கறிப் பெட்டிகளை நடைபாதை வரை அடுக்கியிருப்பார்கள், கடைக்குள் அகன்ற பகியைத் திருப்பவே இடமிராது. அந்த மாதிரித் தெருக்களில் நடமாடுபவர்களுக்கு முன்னும் பின்னுமாக இருக்கை உள்ள வகைதான் பொருந்தும். ஆனால் அது நீளம். நடைபாதை விளிம்பில் ஏற்றும்போது முன்பக்கத்தை உயர்த்தக் கைப்பலம் வேண்டும், பின்னால் இருக்கும் பிள்ளைக்கு வெளியே எதுவும் தெரியாது. ஒற்றையாக வாங்கி, பிறகு இரண்டாவது இருக்கை சேர்க்கும் பகிகளும் உண்டு. அடுத்த பிள்ளைக்கு எண்ணம் இருக்கிறது என்றால் அதுவே நல்ல யோசனை. ஒன்று மட்டும் கவனியுங்கள்: அந்த இரண்டாவது இருக்கையின் விலையையும் இன்றே விசாரியுங்கள். பிறகு அந்த மாடல் நின்றுபோனால் அது கிடைக்காது.

சக்கரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பூங்கா, புல் என்று நடப்பவர்களுக்குப் பெரிய சக்கரம். பஸ், ரெயில் என்று போகிறவர்களுக்குச் சிறியது. காற்றடிக்கும் டயர் என்றால் பஞ்சராகும். மழை உறை கூடவே வருகிறதா என்று கேளுங்கள், இந்த நாட்டில் அது இல்லாமல் முடியாது. வெயிலில் மட்டும் பகியைத் துணியாலோ போர்வையாலோ மூடாதீர்கள், உள்ளே சூடு ஏறிவிடும். கைபிடியில் சாமான் பை மாட்டினால், பிள்ளையைத் தூக்கிய அந்த நொடியில் பகி பின்னால் சாய்ந்து விழும். என் பஸ்ஸில் இது அடிக்கடி நடக்கிறது. பஸ்ஸில் பிள்ளையின் முகம் பஸ்ஸின் பின்பக்கத்தைப் பார்க்கும்படி பகியை நிறுத்தி, பிரேக்கைப் போட்டுக் கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள்.

பழையது வாங்குவதில் தவறே இல்லை. கைமாறி வந்த நல்ல பகிகள் நிறையக் கிடைக்கின்றன. சட்டகம் வளைந்திருக்கிறதா, மடிப்புப் பூட்டு இரண்டும் விழுகிறதா, சரிவில் பிரேக் நிற்கிறதா, பிள்ளையைக் கட்டும் ஐந்து முனை வார் முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். தயாரிப்பாளர் அந்த மாடலைத் திரும்பப் பெற்றிருக்கிறாரா என்றும் தேடுங்கள். தொட்டில் மெத்தையை மட்டும் புதிதாக வாங்குங்கள். கார் சீட் என்றால் முன்பின் தெரியாதவரிடம் வாங்கவே வேண்டாம், விபத்தில் அடிபட்டது கண்ணுக்குத் தெரியாது.

யூனிவர்சல் கிரெடிட் போன்ற சில உதவித்தொகை பெறுபவர்களுக்கு, முதல் பிள்ளைக்கு 500 பவுண்ட் ஷுவர் ஸ்டார்ட் மகப்பேற்றுக் கொடுப்பனவு உண்டு, திருப்பிக் கட்டத் தேவையில்லை. பிள்ளை பிறக்கும் திகதிக்கு 11 வாரம் முன்பிருந்து, பிறந்து ஆறு மாதம் வரை விண்ணப்பிக்கலாம். ஸ்கொட்லாந்தில் இதற்கு வேறு திட்டம். நம்மவர்களில் பலருக்கு இது தெரிவதில்லை, தெரிந்தவர்கள் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள்.

கடைக்குப் போய்ச் சோதிக்க முடியாவிட்டால் ஒன்லைனில் எடுங்கள். பொருள் கைக்கு வந்த 14 நாட்களுக்குள் வேண்டாம் என்று அறிவித்துத் திருப்பி அனுப்பும் உரிமை சட்டப்படி உண்டு. வெளியே ஓட்டி அழுக்காக்க வேண்டாம். பெட்டியைக் கிழிக்காமல், வீட்டுக்குள்ளேயே அரிசிப் பையை இருக்கையில் வைத்து வாசலில் நுழைத்துப் பாருங்கள், ஒரு கையால் மடியுங்கள், படியில் தூக்கிப் பாருங்கள், காரின் டிக்கியில் வையுங்கள். சரிவராவிட்டால் அன்றைக்கே கடைக்கு எழுதிவிட்டு, பெட்டியில் போட்டு அனுப்பிவிடுங்கள்.