ஹார்ட்டுங் பாணியில் ஒரு தாஷிச ஓவியம்: முதல் முறை முயல்பவர்களுக்கு

பிரெஞ்சில் 'தாஷ்' என்றால் கறை. இரண்டாம் உலகப் போர் முடிந்த பாரிஸில் சிலர் உருவமே இல்லாமல் வெறும் திட்டும் கீறலுமாக வரைந்தார்கள். தாஷிசம் என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. அவர்களில் ஹான்ஸ் ஹார்ட்டுங்கை இன்று பின்பற்றுவோம். 1904-இல் ஜெர்மனியின் லைப்சிக்கில் பிறந்தவர். பிரான்ஸுக்காகப் போரிட்டு 1944-இல் ஒரு காலை இழந்தவர்.

ஏ4 தாள்கள் ஐந்தை நந்நான்காகக் கிழித்துக்கொள்ளுங்கள். கறுப்பு இந்தியன் இங்க், பழைய பிரஷ் ஒன்று, அப்புறம் நூலால் கட்டிய துடைப்பக் குச்சிகள் நாலைந்து. குச்சி என்றதும் சிரிக்க வேண்டாம், பிற்காலத்தில் அவரே செடிக்கிளைகளை வண்ணத்தில் தோய்த்துக் கித்தானில் அடித்தவர்தான்.

முதல் வேலை, வேகம். சிறுவனாக இருந்தபோது ஹார்ட்டுங் மின்னல் வெட்டியதும், இடி கேட்பதற்குள் அதை நோட்டில் கீறி முடித்துவிடுவாராம். நீங்களும் ஒரு தாளுக்கு ஒரே மூச்சு. மணிக்கட்டை ஆட்டாமல் தோளிலிருந்து கையை வீசுங்கள். குச்சிக்கட்டை அழுத்தினால் கோடு நாலாகப் பிரியும். தூக்கும்போது ஒன்றாகச் சேர்ந்து மெலியும். மை தீரும் இடத்தில் பொடிப்பொடியாக உடையும். அந்த உடைசலைத் தொடாதீர்கள், அழகே அதில்தான்.

இருபதும் காய்ந்ததும் சுவரில் ஒட்டித் தலைகீழாகவும் பாருங்கள். இரண்டு தேறினால் அதிகம்.

இனிதான் பலருக்கு ஏமாற்றம். தேறியதன் மேல் பென்சிலால் கட்டம் போடுங்கள். பெரிய தாளில் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டங்கள். இலேசான மஞ்சளோ நீலமோ பூசிக் காயவிட்டு, கீறலைக் கட்டம் கட்டமாகப் பெயர்த்து வரையுங்கள், மை உடைந்த இடம் உட்பட. பள்ளியில் தலைவர் படம் வரைந்தோமே, அதே முறைதான். 'தாஷிசம் என்றால் தானாக வர வேண்டாமா?' என்று கேட்பீர்கள். பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் மாத்தியூ 1956-இல் பாரிஸ் நாடக அரங்கில் பார்வையாளர்கள் முன் 12 மீட்டர் கித்தானில் அப்படித்தான் வரைந்தார். ஹார்ட்டுங்கோ 1960 வாக்கில்வரை, ஆவேசத்தில் வீசியதுபோலத் தெரியும் பல கித்தான்களைச் சிறு தாள்களிலிருந்து கட்டம் போட்டுத்தான் பெரிதாக்கினார். எனக்கு இந்த வழிதான் பிடிக்கிறது: தாள் வீணானால் ஒரு ரூபாய்கூட நஷ்டமில்லை.

முடித்த கையோடு பிரஷைக் கழுவிவிடுங்கள். இந்தியன் இங்க் காய்ந்தால் கட்டைதான். குச்சிகளை மறுபடி துடைப்பத்தில் சொருகிவிடாதீர்கள், தரையெல்லாம் தாஷிசம் ஆகிவிடும்.