விவரம் தெரியாத கேம் ஃபைலுக்குள் தாயத்தைப் பிடிப்பது

நான் ஹட்டனில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறவன். பழைய கேம் ஒன்றில் ஓடும் பஸ்ஸை வெளியே எடுத்து இலங்கைப் போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச.) சிவப்பு அடிக்க வேண்டும் என்று பிள்ளைகள் நச்சரித்ததில்தான் இதில் இறங்கினேன். மாடல் ஃபைலின் அமைப்பைப் பற்றி எங்கும் ஒரு வரிகூட இல்லை. ஆனால் ஒவ்வொரு பாகமும் எங்கே, எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பது ஒரு தாயத்தில் (மேட்ரிக்ஸ், எண்களின் சதுர அட்டவணை) இருக்கும். பதினோராம் தரத்துத் தாயப் பெருக்கல் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. சுழற்சித் தாயத்துக்கு ஒளிந்துகொள்ளத் தெரியாது.

ஃபைலைப் பிரதி எடுத்து, பிரதியை ஹெக்ஸ் எடிட்டரில் (பைட்டுகளை அப்படியே காட்டும் மென்பொருள்) திறவுங்கள். தேட வேண்டியது 00 00 80 3எஃப். பெரும்பாலான கணினி கேம்களில் 1.0 என்ற ஃப்ளோட் எண் (கணினி தசம எண்ணை வைக்கும் முறை) இந்த நான்கு பைட்டாகத்தான் கிடக்கும். ஆனால் நிறத்திலும் 1.0 வரும், டெக்ஸ்ச்சரிலும் (பொருளின் மேல் ஒட்டும் படம்) வரும். அதனால் இடைவெளியைப் பாருங்கள். ஒன்று வந்து, பிறகு 16 பைட் வெறும் பூச்சியம், திரும்ப ஒன்று, இப்படி நான்கு தடவை வந்தால் அது 4×4 அலகுத் தாயம், அதாவது திரும்பாமலும் நகராமலும் நிற்கும் பாகத்தின் தாயம். மொத்தம் 64 பைட். ஒன்று அகப்பட்டால் அதன் அக்கம்பக்கத்தில் மற்றவையும் இருக்கும்.

அடுத்தது சோதனை. பைதன் மொழியில் நம்பை (NumPy) என்ற கணித நூலகத்தை வைத்து 16 ஃப்ளோட்டாக வாசித்து, மேல் இடது 3×3 பகுதியை மட்டும் எடுங்கள். ஒரு நிரை 0.6, 0.8, 0 என்று வைப்போம். வர்க்கங்களைக் கூட்டினால் 0.36 + 0.64 = 1. அடுத்த நிரை −0.8, 0.6, 0. இரண்டையும் உறுப்புக்கு உறுப்பு பெருக்கிக் கூட்டினால் பூச்சியம். நிரை நீளம் எல்லாம் 1, ஒன்றுக்கொன்று செங்குத்து, துணிகோவை (டிட்டர்மினன்ட்) +1. தற்செயலாகக் கிடக்கும் பைட்டுகள் இந்த மூன்றையும் தாண்டி வராது. நீளங்கள் 1 இல்லாமல் எல்லாம் 1.5 என்று வந்தாலும் தூக்கிப் போடாதீர்கள், பொருளைப் பெருப்பித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நிலை, அதாவது பாகம் நிற்கும் இடம், எங்கே இருக்கிறது? 16 எண்களில் 4, 8, 12ஆம் எண்கள் பூச்சியமாக இருந்தால் 13, 14, 15தான் நிலை. இல்லையென்றால் அந்த 4, 8, 12தான்.

சில்லுகள்தான் எனக்குப் பிடித்த இடம். பஸ்ஸுக்கு அச்சில் சமமாக நிற்கும் சில்லுகள் இருக்குமே. என் ஃபைலில் முன் இரண்டும் (1.02, 0.48, 2.75), (−1.02, 0.48, 2.75) என்று வந்தன. பின்னிரண்டிலும் முதல் எண் அப்படியே ±1.02, இரண்டாவதும் அதே 0.48, மூன்றாவது −2.95. குறி மாறுவது அகலம், எல்லாவற்றுக்கும் பொதுவாக நிற்பது உயரம், மிச்சம் நீளம். அச்சுகளுக்கிடையில் 5.7. உண்மையான பஸ்ஸிலும் கிட்டத்தட்ட அவ்வளவு மீற்றர்தான், ஆக அலகு மீற்றர். ஒரு கோட்டுப் படம்கூட வரையாமல் இவ்வளவும் தெரிந்துவிட்டது.

பாகத்தின் தாயம் உடலைப் பொறுத்த இடத்தைத்தான் சொல்லும், அதனால் அதை பஸ் உடலின் தாயத்தோடு பெருக்க வேண்டும். எது முன், எது பின்? இரண்டையும் போட்டுப் பாருங்கள். ஆனால் சில்லை வைத்துப் பார்க்காதீர்கள். பாகமும் உடலும் திரும்பாமல் இருந்தால் இரண்டு வரிசைக்கும் ஒரே விடைதான். சாய்ந்து நிற்கும் பக்கக் கண்ணாடியை எடுங்கள். பிழையான வரிசையில் அது பஸ்ஸை விட்டுக் கழன்று எங்கோ போய் நிற்கும். உடல் திரும்பாமல், அதன் நிலையும் முழுக்கப் பூச்சியமாக இருந்தால் இந்தச் சோதனையும் பலிக்காது, அப்போது உடலுக்குப் பதிலாக, நகர்ந்து நிற்கும் வேறொரு பாகத்தையும் அதில் பொருத்திய சாய்ந்த பாகத்தையும் தேடுங்கள்.

முதலாவது பிளேஸ்டேஷன் கேம் என்றால் ஃப்ளோட்டைத் தேடிப் பயனில்லை. அதில் 16 பிட் முழு எண்கள்தான், 4096 என்பதே அங்கே ஒன்று.

கடைசியாக, எடுத்த பஸ்ஸைத் திறக்கும் முப்பரிமாண மென்பொருளான பிளெண்டர். அதற்கு மேல்நோக்கிய அச்சு இசட் (Z), பல கேம்களுக்கு வை (Y). வையையும் இசட்டையும் வெறுமனே இடம் மாற்றினால் துணிகோவை −1 ஆகி, பொருள் கண்ணாடியில் பார்த்தது போலப் புரண்டுவிடலாம். இலக்கத் தகட்டைப் பாருங்கள். எழுத்து நேராக வந்தால் கேமின் அச்சுகள் இடக்கை முறை (பிளெண்டரின் வலக்கை முறைக்குக் கண்ணாடி விம்பம்), மாற்றியது சரி. ஆனால் மேற்பரப்பை ஆக்கும் முக்கோணங்களின் புள்ளி வரிசையையும் திருப்பிவிடுங்கள், இல்லையென்றால் பஸ்ஸின் தோல் உள்பக்கமாகத் தெரியும். எழுத்து புரண்டு வந்தால் இடம் மாற்றுவதோடு ஓர் எண்ணின் குறியையும் மாற்ற வேண்டும்: (எக்ஸ், −இசட், வை). அப்போது துணிகோவை +1, முக்கோணங்களைத் தொடவே வேண்டாம்.