பழுத்தும் சிவக்காத தக்காளி

பழுத்தும் பச்சை வரியோடு நிற்கும் கிரீன் ஸீப்ரா, வெள்ளையாகப் பழுக்கும் ஒயிட் பியூட்டி, இந்தத் தக்காளி ரகங்களின் விதை கிடைத்தால் மார்கழியில் கிடுகு நிழலில் நாற்றுப் போட்டு, மழை ஓய்ந்ததும் தையில் நடுங்கள், ஏனென்றால் பகல் வெயில் 32 பாகையைத் தாண்டினால் பூ கொட்டத் தொடங்கும், தென்மேற்கிலிருந்து வீசும் வறண்ட கச்சான் காற்று வருவதற்குள் பழம் கைக்கு வந்துவிட வேண்டும். திருகோணமலையின் நிலாவெளிப் பக்கத்து மணலில் ஈரம் நிற்காது. மாட்டெருவும் தும்புத்தூளும் தாராளமாகக் கலவுங்கள். வெள்ளை ரகத்தில் இலையைக் கிள்ளவே வேண்டாம், நேர் வெயில் பட்ட பக்கம் மஞ்சளாகிவிடும், தோலும் வெந்துபோகும்.

சரி, பழுத்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? விரலால்தான். மெல்ல அமுக்கினால் கொஞ்சம் நெகிழ வேண்டும். ஸீப்ராவில் பச்சை வரிகளுக்கு நடுவே தேன் மஞ்சள் படரும், வெள்ளையில் பச்சைச் சாயல் போய் யானைத் தந்தத்தின் நிறம் வரும். காயாகப் பறித்தால் கசக்கும்.

ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், மணம் போய்விடும். முதல் துண்டை உப்பில்லாமல் தின்று பாருங்கள்: ஸீப்ராவில் புளிப்புத் துள்ளும், வெள்ளையில் புளிப்புக் குறைந்து மென்மையான இனிப்பு நிற்கும். அப்புறம் ஸீப்ராவைப் பச்சைமிளகாய், சின்ன வெங்காயத்தோடு சம்பல் போடுங்கள், மீன் பொரியலுக்கு அவ்வளவு பொருத்தம். வெள்ளையைக் கறியில் போட்டால் அந்த இனிப்பே தெரியாது, பச்சையாகவே சாப்பிடுங்கள்.